தெரிந்த ஏழையின் பெயரை எழுதுக

தவக்காலம் வந்தால் எங்கள் பங்கில் தியானம் கட்டாயம் உண்டு. இந்த முறை தலைப்பு, ஏழைகள் மீது அன்பு. நோட்டீசைப் பார்த்ததும், நம்மைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள் என்று பாதிப் பேர் சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார்கள். வீட்டுக்கடன், பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ், தங்கம் விற்கிற விலை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நம்மைவிட ஏழை யாரும் கிடையாது என்பது எங்கள் அன்பியத்தின் அசையாத நம்பிக்கை. விசுவாசப் பிரமாணத்தில் இன்னும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே ஒரு தியான இல்லம். வறுமையைச் சிந்திக்க ஏசி ஹால். முதல் வாசகம் யாக்கோபு திருமுகம், இரண்டாம் அதிகாரம். பொன் மோதிரம் போட்டு வருகிறவனுக்கு நல்ல இடமும், கந்தை கட்டி வருகிறவனுக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பதை வெளுத்து வாங்குகிற பகுதி. பங்குப் பேரவைப் பிரமுகர் ஒருவர் கணீரென்று வாசித்தார். வாசித்துவிட்டு, முன்வரிசையில் தன் பெயர் ஒட்டியிருந்த நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

மதியம் ஒருசந்திக்காரர்களுக்கு ஏற்றபடி கஞ்சியும் துவையலும். எளியவர்களின் உணவை நாமும் ஒருவேளை உண்போம் என்று அறிவித்தார்கள். கியூ இரண்டு தடவை சுற்றி வந்தது. பாசிப்பயறு எவ்வளவு போட்டார்கள், தேங்காய்ப்பால் முதல் பாலா இரண்டாம் பாலா என்று சமையல்காரரை வளைத்துக்கொண்டார்கள். சுகர் இருக்கிறவர்கள் இது ரொம்ப நல்லது என்றார்கள். மோர்மிளகாய் இல்லாததுதான் அன்றைக்கு நாங்கள் அனுபவித்த வறுமை.

உண்ட மயக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில்தான் தியானச் சாமியார் துண்டுச்சீட்டுகளை விநியோகித்தார். "உங்களுக்குத் தெரிஞ்ச ஓர் ஏழையின் பெயரை எழுதுங்க. பேசிப் பழகின ஆளா இருக்கணும்."

காரணத்தையும் சொன்னார். லூக்கா 16-இல் வருகிற உவமையில் தினமும் விருந்து சாப்பிட்ட பணக்காரனுக்குப் பெயர் கிடையாது. வாசலில் புண்களோடு கிடந்தவனுக்கு லாசர் என்று பெயர். இயேசு தம் உவமைகளுக்காக உருவாக்கிய ஆட்களில் பெயர் வாங்கியவன் அவன் ஒருவன்தான். (ஆபிரகாமும் வருகிறாரே என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அவர் ஏற்கெனவே பெரிய ஆள், கணக்கில் வரமாட்டார்.)

ஹாலில் பரீட்சை அமைதி. ஒருவர் அன்னை தெரசா என்று எழுதிவிட்டு அடித்தார். இன்னொருவர், "சாமி, சொந்தக்காரங்களை எழுதலாமா?" என்று கேட்டு, மைத்துனர் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சிலர் மெதுவாக போனை எடுத்து காண்டாக்டைத் தேடினோம். பால். தண்ணி கேன். இஸ்திரி. வாட்ச்மேன் நைட். குப்பை அக்கா. அத்தனை பேரும் இருந்தார்கள், ஒருவருக்கும் பெயர் இல்லை. பெண்கள் பக்கம் பேனா ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் தேய்க்க வருகிறவர் பெயர் மட்டுமல்ல, அவர் மகளின் பிளஸ் டூ மார்க் வரை அவர்களுக்குத் தெரியும்.

வின்சென்ட் தே பவுல் சபைப் பெரியவர் ஒருவர் சீட்டின் இரண்டு பக்கமும் எழுதி, இன்னொன்று கேட்டார். அவர்கள் வேலையே வீடுதேடிப் போவதுதான். 1833 ஏப்ரல் 23, பாரிசில் ஃப்ரெடரிக் ஓசானாம் தோழர்களோடு அந்தச் சபையைத் தொடங்கிய நாள். அவருக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. ஏழைகளுக்காக நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று விவாத மேடையில் ஒருவன் மடக்கியதற்கு, விறகும் கையுமாக ஏழை வீட்டுக்குப் போய்ப் பதில் சொன்னவர் அவர். நாமாக இருந்தால் ஒரு கருத்தரங்கு வைத்திருப்போம். அந்தச் சபைக் கூட்டத்தில் இன்றும் ரகசிய உண்டியல் சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதும் ஊரில் இது சாதாரண விஷயமல்ல.

போப் பிரான்சிஸ் ஏற்படுத்திய உலக ஏழைகள் தினம், 2017 முதல் ஆண்டுதோறும் நவம்பரில் பொதுக்காலம் 33-ஆம் ஞாயிறன்று வருகிறது. அதற்குள் உங்கள் போனில் இருக்கிற 'தண்ணி கேன்' அண்ணாச்சியின் பெயரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அவர் போனில் உங்களை என்ன பெயரில் வைத்திருக்கிறார் என்று மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள்.