தட்டச்சில் ஒரு தனி ஆவர்த்தனம்

மிருதங்க வித்வான்: பிரவுசர் ரயில் டிக்கெட் எடுக்க வந்தது, தம்பி. அதற்குள் கச்சேரியா? த, தி, தொம், நம் நான்கும் சுத்தமாக விழ நாங்கள் கை வீங்கச் சாதகம் செய்கிறோம். நீ எதையோ டைப் அடிக்கிறாய், அது தானாக வாசிக்கிறது, நீ தலையாட்டுகிறாய். அதற்கு ரசிகர் போதுமே, கலைஞர் எதற்கு?

இன்ஜினியர்: தானாக வாசித்தால் எனக்கும் சௌகரியம்தான், அண்ணா. பிரவுசரில் இருக்கும் வெப் ஆடியோவிடம் 440 ஹெர்ட்ஸ் ஸைன் அலை கேட்டால் அதை மட்டும்தான் தரும். டெலிபோன் டயல் டோன் போல உயிரில்லாத ஓசை. சட்டென்று நிறுத்தினால் அலை நடுவில் வெட்டுப்பட்டு ‘டக்’கென்று ஒரு சத்தம். ஆகவே ஒலியளவைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சரித்து இறக்க வேண்டும். காதுக்கு இதமான அடுக்குச் சரிவில் இறக்கப் போனாலோ, பூஜ்யம் வரை போக மாட்டேன் என்று பிழை காட்டும், 0.001 என்று எழுதிச் சமாளிக்க வேண்டும். ஒரு சொல் சுத்தமாக விழ இவ்வளவு பாடு. தாளம் இன்னும் மோசம். ஜாவாஸ்கிரிப்டின் டைமரை நம்பினால், அதற்கு வேறு வேலை வந்ததும் அடி தள்ளி விழும். ஆடியோவுக்கென்றே ஒரு கடிகாரம் உண்டு. அடுத்த சில அடிகளை அதில் முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். கை நோகாது, ஒப்புக்கொள்கிறேன். காது இல்லாதவன் எழுதினால் இரண்டு ஆவர்த்தனத்தில் பல்லிளித்துவிடும்.

வித்வான்: காது இருந்து என்ன? வாத்தியம் உன்னுடையதா? ஆள் கிளிக் செய்யாமல் பக்கம் சத்தம் போடக்கூடாது என்று 2018இல் கூகுள் குரோமை மாற்றியதும் பல விளையாட்டுகள் ஊமையாயினவாமே. என் மிருதங்கத்தின் வாரை எந்தக் கம்பெனியும் ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்க்க முடியாது. தவிர, எழுதியதை ஒப்பிப்பதற்கு மனோதர்மம் என்று பெயர் வைக்காதே.

இன்ஜினியர்: முதல் அடி சரியான அடி. எதிர்ப்பு கிளம்பியதும் கூகுள் பின்வாங்கியது. அந்த வருஷமே திரும்பவும் கொண்டுவந்தது. அந்தக் குறைக்கு என்னிடம் பதில் இல்லை. மனோதர்மத்தில்தான் இடறுகிறீர்கள். லைவ் கோடிங்கில் ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் கோடை மாற்றுகிறார்கள். திரையைச் சபைக்குக் காட்டு என்பது 2004இல் தொடங்கிய டோப்லாப் அமைப்பின் கொள்கை. நம் சபாக்களில் ஐபேடைப் பார்த்துப் பாடுகிறவர்கள் அதை யாருக்கும் திருப்பிக் காட்டுவதில்லை. இன்னொன்று: அலெக்ஸ் மெக்லீன் உருவாக்கிய டைடல் சைக்கிள்ஸின் பிரவுசர் வடிவம் ஸ்ட்ரூடல். அதில் நான்கு ஒலிகளின் பெயரை எழுதினால் ஒரு சுற்று நாலாகப் பிரியும். ஐந்தாவதைச் சேர்த்தால் சுற்றின் நீளம் மாறாமல் ஐந்தாகப் பிரியும், சதுச்ரம் கண்டமாகிவிட்டது. இந்த எழுத்துமுறைக்கு முன்னோடி, தபலா சொற்களை எழுதவென்று பெர்னார்ட் பெல் 1980களில் உருவாக்கிய போல் பிராசஸர். வாயால் சொல்லும் சொற்கட்டை எழுதிக் கணிப்பொறியை வாசிக்க வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

வித்வான்: தபலாவா! அப்போதே நினைத்தேன். மிருதங்கமாக இருந்தால் இப்படிச் சீரழிந்திருக்குமா?

இன்ஜினியர்: ஸ்ட்ரூடலுக்குக் காசில்லை, இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். கண்டத்தில் ஒரு கோர்வையை நீங்களே எழுதிக் கேட்டுவிட்டு, அப்புறம் திட்டுங்கள் அண்ணா.