வேன் ஏறிய விசிறிகள்

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் பின்னால் நண்பர்களோடு வேனில் ஊர் ஊராக அலைந்தவர்களை வேலைவெட்டி இல்லாதவர்கள் என்பது அபாண்டம். 1965 முதல் 1995 வரை ஏறக்குறைய 2,300 கச்சேரிகள். விடாமல் தொடர்வது முழுநேர உத்தியோகம், சம்பளம்தான் கிடையாது. அதற்கும் வழி கண்டார்கள். அரங்கத்தின் கார் பார்க்கிங்கில் சாயம் தோய்த்த பனியனும் சீஸ் சாண்ட்விச்சும் விற்று அடுத்த ஊருக்குப் பெட்ரோல் போட்டார்கள். பணம்பண்ணும் உலகத்தை வெறுத்துக் கிளம்பியவர்கள் கடை போடலாமா என்று கேட்கக் கூடாது; பில்லா போட்டார்கள், பாவம்!

அதே பாட்டை எத்தனை தடவை கேட்பது என்பார்கள். இன்று வாசித்த வரிசையை நாளை வாசிக்காத குழு அது. ஒரே பாட்டு ஒருநாள் போல மறுநாள் இருக்காது. அப்படியானால் வீட்டிலிருந்தே கேசட்டில் கேட்கலாமே? கேட்கலாம். பதிவு செய்பவர்களுக்கென்று 1984இல் குழுவே தனி இடம் ஒதுக்கியது. ஆனால் 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த பேர்பெற்ற கச்சேரியின் நாடாவை எத்தனை தடவை ஓட்டினாலும், "நான் அங்கே இருந்தேன்" என்று அலட்டிக்கொள்ள முடியாதே! அந்த ஆசை எல்லை மீறியதும் உண்டு: 1995 ஜூலையில் இண்டியானாவின் டீர் கிரீக் அரங்கில் டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியைச் சாய்த்து உள்ளே புகுந்தது. மறுநாள் கச்சேரி ரத்து. பக்தி முற்றியதில் சாமி புறப்பாடே நின்றுபோனது.