பேனாவுக்குக் கயிறு

வங்கியில் செலான் எழுதப் பேனாவைத் தொட்டால் கயிறு இழுக்கும். ஐந்து ரூபாய்ப் பேனாவை நாம் லவட்டிக்கொண்டு போய்விடுவோமாம். பென்ஷன் வாங்க வந்த பாட்டியின் கை நடுங்கினால், "கையெழுத்து ஒத்துப்போகல, மறுபடி போடுங்க" என்பார்கள். அப்படியொரு கண்டிப்பு!

அந்தக் கயிற்றில் ஒரு முழம் மும்பை பிராடி ஹவுஸுக்குப் போயிருக்கலாம். அங்கே பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையில், வெளிநாட்டுக்குச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் ஒரு பக்கம், கணக்கு எழுதும் கோர் பேங்கிங் மறுபக்கம். இரண்டையும் இணைக்கவில்லை. 'இவருக்குக் கடன் கொடுங்கள், நாங்கள் பொறுப்பு' என்று ஸ்விஃப்டில் உறுதிக் கடிதம் தட்டிவிட்டால் போதும். வெளிநாட்டிலுள்ள வங்கிக் கிளைகள் டாலரைக் கொட்டும். சொந்தப் பேரேட்டில் ஒரு வரி விழாது.

வைர வியாபாரிகள் நீரவ் மோடி, மெகுல் சோக்சி ஆகியோரின் நிறுவனங்களுக்காக 2011 முதல் இது நடந்ததாக வழக்கு. முக்கிய இருக்கைகளில் ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. வழக்கில் சிக்கிய துணை மேலாளரோ சுமார் ஏழு வருடம் அதே கிளையில் இருந்து, 2017இல் ஓய்வும் பெற்றார். தணிக்கைக்கு வந்தவர்கள் என்னத்தைப் பார்த்தார்களோ, டீ நன்றாக இருந்திருக்கும்.

வங்கதேச மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் ஸ்விஃப்ட் வழியாகப் பறிபோனது 2016 பிப்ரவரியில். அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து நம் வங்கிகளை மூன்று முறையாவது எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி சொன்னது. கடிதம் போட்டதோடு கடமை முடிந்தது. கயிறு கட்டினார்களா என்று எட்டிப் பார்க்க யாருக்கு நேரம்?

நடைமுறை, ஆள், இயந்திரம் சொதப்பி வரும் நஷ்டத்துக்குச் 'செயல்பாட்டு இடர்' என்று பெயர். பிராடி ஹவுஸில் மூன்றும் சேர்ந்தே சொதப்பின. 2018 ஜனவரியில் புதிதாக வந்த அதிகாரி, மறுபடி உறுதிக் கடிதம் கேட்டு வந்த அந்த நிறுவனத்தாரிடம் முழுத்தொகைக்கும் ரொக்க ஈடு கேட்டார். "இதுவரை யாரும் கேட்டதில்லையே" என்றார்கள் வந்தவர்கள். அந்த ஒரு கேள்வியில்தான் குட்டு உடைந்தது. அதற்குள் மோடியும் சோக்சியும் நாட்டைவிட்டே போயிருந்தார்கள்.

போனது 13,000 கோடி ரூபாய்க்கு மேல். ஸ்விஃப்ட் விதிகளை மதிக்காததற்காக 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட அபராதம் 2 கோடி. அதையும் அரசு வங்கியான பஞ்சாப் நேஷனல் வங்கிதான் கட்டியது, நம் பணத்திலிருந்து.