லா பாயிண்ட் அண்ணாச்சி

ஆனி பிறந்து, மேற்கு மலையில் மேகம் கவிந்து, தென்காசிப் பக்கம் சாரல் தூவத் தொடங்கியதும் குற்றாலத்துக்குப் படையெடுக்கிற ஜனங்களில் தேக சுகத்தை நாடி வருகிறவர்கள், குடும்பக் கவலையை மறக்க வருகிறவர்கள், மூன்று வேளையும் நன்றாகப் பசியெடுக்கும் என்ற ஒரே காரணத்துக்காக வருகிறவர்கள் என்று பல ரகம் உண்டு. இவர்களில் எவரோடும் சேராமல், பேரருவிக்கு எதிரே குடையை ஊன்றிக்கொண்டு, அருவியைப் பாராமல் அதன் அடியிலுள்ள கைப்பிடிக் கம்பியையே உற்று நோக்கி நிற்கிற ஒருவரை ஒவ்வொரு சீசனிலும் காணலாம். அவரே லா பாயிண்ட் அண்ணாச்சி. ஏதோ ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவர்; கட்சிக்காரர்கள் போய்விட்டார்களேயொழிய, கட்சி பேசும் வழக்கம் போகவில்லை.

அருவியில் எண்ணெய்க் குளியலுக்குத் தடை வருவதற்கு முந்திய நாளில் அவர் கிளப்பிய கேள்வி இது: எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், ஒருவருடைய முதுகில் நல்லெண்ணெயைக் கொட்டி, தட்டி, பிசைந்து, அருவிக்கு அனுப்புகிறார். அந்த எண்ணெய் பாறையில் படிகிறது. பின்னால் வருகிற மூன்றாம் மனிதர் வழுக்கி விழுகிறார். குற்றம் தேய்த்தவருடையதா, தேய்த்துக்கொண்டவருடையதா, பாறையைத் தேய்த்துக் கழுவாத பேரூராட்சியினுடையதா?

"மூணு பேரையும் பிரதிவாதியாச் சேத்துரணும். யாருக்கு எவ்வளவுன்னு கோர்ட்டு பிரிச்சிக்கிடட்டும்" என்பார் அண்ணாச்சி. விழுந்தவரின் இடுப்பைப் பற்றி விசாரிக்க அவருக்கு அவகாசம் இருப்பதில்லை.

ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்னும் ஊரில் 1928-ஆம் வருஷம் ஓர் அம்மாள் அருந்திய இஞ்சிப் பானத்தின் புட்டியிலிருந்து அழுகிய நத்தை விழுந்ததாகப் பிராது எழுந்ததையும், நம் அஜாக்கிரதையால் எவருக்குத் தீங்கு நேரக்கூடும் என்று முன்னறிய இயலுமோ அவரிடத்தில் கவனமாக நடப்பது நம் கடமை என்று பிரபுக்கள் சபை 1932-ல் முடிவு கூறியதையும், அவர் தம் சொந்த அத்தை வீட்டு விசேஷம் போல் விவரிப்பார். அந்த வழக்கைப் படித்த நாள் முதல் சோடாப் புட்டியைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பாராமல் அவர் குடித்ததில்லை. கிளாஸ்கோ நகரத்துப் பூங்காவில் விஷப்பழத்தைத் தின்று மாண்ட சிறுவனின் வழக்கையும் படித்திருக்கிறார். ஆதலால் கடைவீதியில் மங்குஸ்தான் வாங்கினால், முதல் சுளை உடன் வந்த நண்பருக்கே.

இத்தனை சட்டம் அறிந்தும் அவர் ஒரு வழக்கும் தொடுத்ததில்லை என்பதற்குக் காரணம் உண்டு. நஷ்டஈடு கேட்டுப் பிராது போடுகிறவர், கேட்கிற தொகைக்குத் தக்கபடி கோர்ட்டுக் கட்டணத்தை முன்னதாகவே கட்ட வேண்டும் என்பது நம் நாட்டு ஏற்பாடு. ஆகவே பாறையில் விழும்போது லட்ச ரூபாயாக இருக்கிற இடுப்பின் விலை, ஸ்டாம்பு வெண்டரின் திண்ணையை அடைவதற்குள் ஆயிரத்துக்கு இறங்கிவிடுகிறது.

ஆயினும் அவரால் பிரயோஜனமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உச்சியிலிருந்து வருகிற வெள்ளம் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்த பிறகே நம் தலையில் விழும்படி இயற்கை ஏற்பாடு செய்திருக்கிறது. இல்லையேல் பேரருவியில் நிற்க எந்தத் தலையும் மிஞ்சாது. அந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டி, தண்ணீர் செந்நிறமாகி, சருகும் சுள்ளியும் கலந்து வந்தால் அக்கணமே வெளியேற வேண்டும். வெள்ளம் அருவியடியிலுள்ள பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் போலீஸார் விசில் ஊதிக் குளிக்கத் தடை போடுவார்கள். அப்போதும் ஓர் இளைஞன் பாறையில் தொற்றி ஏறுவான். விசிலுக்கு அஞ்சாத அவனைப் பார்த்து அண்ணாச்சி, "ஏறும் தம்பி, தாராளமா ஏறும். தெரிஞ்சே ஆபத்துல தலையைக் குடுத்தவனுக்கு நஷ்டஈடு கிடையாது. உம்ம ஐயாவுக்கு ஒரு தம்பிடி தேறாது" என்பார். பையன் சற்று யோசித்துவிட்டு இறங்கிவிடுவான்.

சென்ற சீசனில் அண்ணாச்சியே விழுந்தார். அருவியில் அல்ல, நடுத்தெருவில். அவர் கையிலிருந்த வாழைப்பழத்தை ஒரு குரங்கு பறித்து, சாவதானமாக உரித்துத் தின்றுவிட்டுத் தோலை அவர் காலடியிலேயே போட்டது. விழுந்த நிலையிலேயே ஆட்சேபணை கிளப்பினார்: "தூக்காதீங்க! தோலு கிடந்த இடத்தை முதல்ல அளங்க!" குரங்கு காட்டு விலங்காயிற்றே, அதற்கு எஜமான் ஏது, யார் பேரில் நோட்டீஸ் விடுவது என்று அவர் கலங்கிக்கொண்டிருந்த சமயத்தில், எங்கிருந்தோ வந்த வெள்ளாடு ஒன்று அந்தத் தோலைத் தின்றுவிட்டு நகர்ந்தது. அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, "இந்த ஆடு யாரு வீட்டு ஆடு?" என்று விசாரிக்கத் தொடங்கினார்.