சபையைக் கூட்டியவர் யார்?

கேள்வி: பெண்கள் சபையில் பேசக்கூடாது என்று பவுலே எழுதிவிட்டார். பிறகு பெண் குருத்துவம் பற்றி ஏன் விவாதம்?
– ஒரு வாசகர், சாயர்புரம்

பதில்: கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம், 14-ஆம் அதிகாரம். மூன்று அதிகாரம் பின்னால் திருப்புங்கள். ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் பெண் முக்காடிட வேண்டும் என்கிறார் அதே பவுல். வாயே திறக்கக்கூடாதவளுக்கு இந்த ஒழுங்கு எதற்கு? 14-இல் அவர் அடக்கியது கொரிந்து சபையின் கூச்சலை என்றே நான் வாசிக்கிறேன். அர்த்தம் சொல்ல ஆளில்லாவிட்டால் அந்நியபாஷைக்காரரும் பேசாமலிருக்கட்டும் என்று அங்கேயே சொல்லியிருக்கிறார். அதைக் காட்டி எந்த ஆணையும் நாம் பிரசங்கபீடத்திலிருந்து இறக்கியதில்லை.

தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபம் பெண்கள் விஷயத்தில் இன்னும் கடுமையானது, மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தீமோத்தேயுவுக்கு விசுவாசம் வந்த வழி பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் என்கிறது இரண்டாம் நிருபம்.

கேள்வி: பெண் குருவானவர் என்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம்தானே?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: பாளையங்கோட்டையில் இருக்கும் குளோரிந்தா ஆலயத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். தஞ்சை மராட்டிய பிராமணக் குடும்பத்து விதவை குளோரிந்தா. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார் என்பதால் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்தார். லிட்டில்டன் இறந்த பின், 1778-இல் பாளையங்கோட்டையில் கொடுத்தார். 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். அந்தச் சிறு கூட்டத்தைச் சேர்த்துக் காத்தவர் குளோரிந்தா. உபதேசியார் வேண்டும் என்று தஞ்சைக்கே போய்க் கேட்டதும், 1785-இல் பிரதிஷ்டையான ஆலயம் எழும்பக் காரணமாக இருந்ததும் அவரே. ஊர் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தது.

அங்கே ஊழியம் செய்ய வந்த சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றார். தகுதியான மனிதர், குறை சொல்லவில்லை. ஆனால் சபையைக் கூட்டியவருக்குப் பட்டம் கொடுக்கலாமே என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கமே ஒரு பெண்ணின் ஊழியம். பழக்கம் நம்முடையது, பட்டம்தான் தாமதமாக வந்தது.

எவ்வளவு தாமதம்? தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானது. பெண்ணுக்கு முதல் குருப்பட்டம் 1976-இல். முதல் பெண் பேராயர், நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா, 2013-இல். இந்த இடைவெளிகளை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: ஐயரம்மாவாக இருந்து செய்வது போதாதா?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், வியாதியஸ்தர் சந்திப்பு, அசனத்துக்குப் பந்தி விசாரணை. இத்தனையும் சம்பளமில்லாமல். குருவானவரான கணவருக்கு வேறு சேகரத்துக்கு மாற்றல் வந்தால் ஐயரம்மாவின் ஊழியமும் அன்றோடு முடிகிறது. விரும்பிச் செய்கிறவர்களுக்கு என் வணக்கம். ஆனால் கடவுள் அழைத்தது அவரையா, அவர் கணவரையா என்று கேட்காமலே வேலை வாங்குவது நியாயமில்லை.

ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் வேதாகமத்தோடு போன பைபிள் உமன்களையும் இப்படித்தான் நடத்தினோம். ஐயர்மார் பெயர்கள் ஆலயச் சுவர்க் கல்வெட்டில் இருக்கின்றன. இந்தப் பெண்களின் பெயர்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் சபையின் பழைய பதிவேடுகளைப் பாருங்கள், தயவுசெய்து.

கேள்வி: கத்தோலிக்கத் திருச்சபையில்?
– ஒரு வாசகி, வேளாங்கண்ணி

பதில்: பெண்களுக்குக் குருத்துவம் இல்லை, 1994-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதை உறுதியாகவே சொன்னார். வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கு 2021-இல் சட்டப்படி திறந்தார் திருத்தந்தை பிரான்சிஸ். உயிர்ப்பின் செய்தியைச் சீடர்களுக்கு முதலில் கொண்டுபோன மகதலா மரியாவின் நினைவு நாளை, திருத்தூதர்களுடையதைப் போலவே விழாவாக உயர்த்தியவரும் அவர்தான், 2016-இல்.

கேள்வி: என் மகள் இறையியல் படிப்பேன் என்கிறாள். கல்யாணம் தட்டிப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், மதுரை

பதில்: உங்கள் பயம் புரிகிறது அம்மா. ஆனால் அவளுடைய அழைப்பை மதிக்காத மாப்பிள்ளை, அவள் வேறு படிப்பு படித்தாலும் அவளை மதிக்க மாட்டார். உங்கள் ஊரிலேயே அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. இருவரும் ஒருநாள் போய், அங்கே படிக்கும் பெண்களிடம் பேசுங்கள். படித்து முடித்த பெண்களைக் குருவானவராக நியமிக்கிறீர்களா, அல்லது அலுவலகத்தில் உட்காரவைக்கிறீர்களா என்று உங்கள் திருமண்டலத்தில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.