மூன்றாம் கட்டுக்கு நடந்தவர்கள்

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குத் தலைவாசல் ஒரு தெருவில் இருக்கும், கொல்லைவாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வீடு போய்க்கொண்டே இருக்கும். முகப்பில் சாய்ந்திருக்கும் ஐயா 'யாரப்பா அங்க, ஒரு செம்புத் தண்ணி கொண்டா' என்று குரல் கொடுப்பார். முற்றத்தைச் சுற்றித் தூண் தூணாகக் கடந்து, சமையல்கட்டில் அப்பத்தாவிடம் செம்பை நீட்டி, தளும்பாமல் திரும்பி வருவதற்குள் அவருக்கு வேறு ஏதாவது வேண்டியிருக்கும்: வெற்றிலைப் பெட்டி, விசிறி, நேற்றைய செய்தித்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் என் வயதுப் பிள்ளைகளும் அந்த வீட்டுக்குள்ளேயே எவ்வளவு தூரம் ஓடியிருப்போம் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. உங்கள் வீடு இத்தனை நீளமாக இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும், கடைத்தெருவுக்கும் வாசலுக்குமாக, பெரியவர் ஒருவரின் ஒரு சொல்லுக்கு ஓடிய கால்கள் உங்களுக்கும் இருந்திருக்கும்.

நடந்ததைவிட, தரையில் உட்கார்ந்து எழுந்ததைத்தான் இந்த வயதில் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவிற்கப் போன எங்கள் நகரத்தார் பெரியவர்கள் கிட்டங்கி என்னும் தொழில் விடுதியில் நாள் முழுதும் கணக்கு எழுதினார்கள். உட்கார்ந்து செய்கிற தொழில்தான். ஆனால் அவர்கள் உட்கார்ந்தது பாயில், முன்னால் ஒரு கைப்பெட்டியை வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு. ஆள் வந்தால் எழுந்து, போனால் அமர்ந்து, ஒரு பேரேடு எடுக்க மறுபடி எழுந்து என்று இடுப்பும் முழங்காலும் உடம்பின் முழுப் பாரத்தையும் நாளெல்லாம் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தன. ஊரிலும் அப்படித்தான். கலியாணப் பந்தி தரையில், பாடம் படிப்பது தரையில், சீட்டாட்டம் தரையில், துக்கம் விசாரிப்பதும் தரையில். எங்கள் அப்பத்தா தள்ளாத வயதிலும் கை ஊன்றாமல் எழுந்து நிற்பார். அதை ஒரு திறமை என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அது திறமைதான் என்று பிற்பாடு பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாடியோ ஜில் அராவ்ஜோவும் அவருடைய குழுவினரும் சொன்னார்கள். 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரைத் தரையில் உட்காரச் சொல்லி, எழச் சொல்லி, கையையோ முழங்காலையோ ஊன்றினால் மதிப்பெண் குறைத்து, அதன்பின் சில ஆண்டுகள் அவர்களைக் கவனித்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். பிடிமானம் இல்லாமல் எழ முடிந்தவர்களைவிட எழ முடியாதவர்களிடையே இறப்பு மிக அதிகமாக இருந்தது. அதைப் படித்த நாளில் எனக்கு நினைவு வந்தது எங்கள் வீட்டுப் பந்திதான்: வரிசை வரிசையாக இலை போட்டு, சாப்பிட்டு முடித்து, எச்சில் கை நெஞ்சருகே இருக்க, ஒரே அசைவில் எழுந்து கை கழுவப் போகும் எழுபது வயதுக்காரர்கள். இன்று அதே மண்டபங்களில் மேசை நாற்காலி வந்துவிட்டது. முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய உதவி. அந்த முழங்கால்கள் இத்தனை சீக்கிரம் வலிக்க வந்ததில் நாற்காலிக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

தெருவில் இறங்கினால் இன்னொரு உலகம். வாடகை சைக்கிள் கடையில் ஒரு மணி நேரத்துக்கு வண்டி எடுத்து, சீட்டில் ஏற உயரம் போதாமல், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துக்கொண்டு ஊரின் செக்காலைப் பகுதியைச் சுற்றிவரும் சந்தோஷம், அந்த மணி நேரம் முடியப் போகிறதே என்ற பதைப்பில் கடைசி மிதிகளை மிதிக்கும் வேகம், இறங்கியபின் தொடையில் கிளம்பும் இனிய வலி எல்லாம் இன்னும் எனக்குத் தெளிவாக இருக்கின்றன. மாலையில் மகர்நோன்புப் பொட்டலில் சடுகுடு. மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஆறு பேர் மேலே விழுவார்கள். எம்.ஜி.ஆர். படத்தில் சிலம்பம் பார்த்துவிட்டு வந்த வாரங்களில் ஊரில் எந்த வேப்பங்கம்பும் சும்மா கிடக்காது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய்விட்டு வந்தால், மாட்டை நெருங்கவே விடப்படாத எங்களைப் போன்ற பொடியன்கள்கூட ஒரு வாரம் தோளை விரித்துக்கொண்டுதான் நடப்போம். கிராமங்களில் கோயில் பக்கம் இளவட்டக்கல் கிடக்கும். உருண்டையான, பிடி கிடைக்காத அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்துத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடுகிற இளைஞனை ஊரே நின்று பார்க்கும். பிள்ளையின் பலம் பிள்ளைக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை, ஊருக்கும் அதில் ஒரு பாத்தியதை இருந்தது. வெள்ளத்தில் கரை கட்டவும், தேர் வடம் பிடிக்கவும், தீப்பிடித்த கூரையைப் பிரித்துப் போடவும் நாளைக்கு அந்தத் தோள்தானே வேண்டும்? வளரி எறிந்த மருது சகோதரர்களின் சீமையில் தேகப் பயிற்சிக்குக் காரணம் சொல்லத் தேவை இருக்கவில்லை.

இதுவரை எழுதியதை இங்கே நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும். அந்த வீட்டின் முழு நீளத்தையும் நாளுக்குப் பலமுறை நடந்தவர்கள் யார்? முகப்பில் இருந்தவர்கள் குரல் மட்டும் கொடுத்தார்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆட்டுக்கல்லில் ஆட்டியது, அம்மியில் மசாலா அரைத்தது, உரலில் இடித்தது, ஊருணியிலிருந்து குடம் குடமாகக் குடிதண்ணீர் சுமந்தது எல்லாம் பெண்களும் வேலையாட்களும். அவர்களுடைய தோள் உறுதியாக இருந்தது உண்மை. நாற்பது வயதில் இடுப்பு ஒடிந்ததும் உண்மை. தேய்ந்த உடம்பை உறுதியான உடம்பு என்று தூரத்திலிருந்து நினைத்துக்கொள்வது எளிது. மின்சார கிரைண்டர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் ஆத்தா அதன் பக்கத்திலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, மாவு தானாகச் சுற்றுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்த யாரும் ஆட்டுக்கல் காலம் திரும்பி வர வேண்டும் என்று எழுத மாட்டார்கள். நானும் எழுத மாட்டேன்.

உழைப்பு சிலர் முதுகில் மட்டும் விழும் இந்த அநியாயத்தை எங்கள் மண்ணிலேயே ஒருவர் கண்டு, மாற்றிக் காட்ட முயன்றிருக்கிறார். காரைக்குடிக்கு அருகே அதே சிராவயலில் ப. ஜீவானந்தம் காந்தி ஆசிரமம் நடத்தி வந்தார். 1927-இல் செட்டிநாட்டுச் சுற்றுப்பயணத்தின்போது காந்தி அங்கே வந்து அவரைச் சந்தித்தார். ஒவ்வொரு மனிதனும் தன் சோற்றுக்குத் தன் உடம்பால் கொஞ்சமாவது உழைக்க வேண்டும், அந்தப் பாரத்தை வேறொருவர் முதுகில் ஏற்றிவிட்டுப் படிப்பாளியாகவோ பணக்காரனாகவோ உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது காந்தியின் நம்பிக்கை. உடற்பயிற்சி பற்றி நான் கேள்விப்பட்ட தத்துவங்களில் இதற்கு மேலானது ஒன்று இல்லை. உழைப்பு எல்லோருக்கும் பங்காகும்போதுதான் அது பயிற்சி ஆகிறது. ஒருவர் மேல் மட்டும் விழுந்தால் தண்டனை ஆகிவிடுகிறது. நாம் செய்தது என்ன? பாரத்தைப் பங்கு போடவில்லை, இயந்திரத்திடம் கொடுத்துவிட்டோம். முன்பு பாதிப் பேர் உட்கார்ந்திருந்தோம், இப்போது எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம்.

அதன் விலை பெரியது. 1953-இலேயே லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் படி ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட இருக்கையில் அமர்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று கண்டு எழுதினார். ஒரே வண்டி, ஒரே தெரு, ஒரே வகைக் குடும்பங்கள். உட்கார்ந்ததும் நடந்ததும்தான் பெரிய வித்தியாசம். லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024-இல் வந்த ஆய்வுப்படி, போதுமான உடலசைவு இல்லாத இந்தியப் பெரியவர்கள் 2000-இல் 22 விழுக்காடு, 2022-இல் ஏறத்தாழ 50 விழுக்காடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-இல் நாட்டின் சர்க்கரை நோயாளிகளை 10 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. எங்கள் தெருவில் காலைக் காப்பிக்கு முன்னால் மாத்திரை எடுக்காத வீடு அரிதாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பாவது வேண்டும் என்கிறது. அப்பத்தாவுக்கு அது ஒரு காலைப்பொழுது.

இன்றைய உடற்பயிற்சிக் கூடத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் ஊரில் இப்போது ஜிம்கள் இருக்கின்றன. அங்கே கல்லூரி மாணவிகள் எடை தூக்குகிறார்கள். என் ஆத்தா காலத்தில் ஒரு பெண் அடுத்தவருக்காக எத்தனை பாரம் வேண்டுமானாலும் தூக்கலாம், தனக்காக ஒரு கல்லைக்கூடத் தூக்க முடியாது. அதை நினைக்கும்போது அந்தப் பெண்கள் பார்பெல்லைத் தரையில் வைக்கும் சத்தம் எனக்குக் கோயில் மணியாகக் கேட்கிறது. சிலம்பமும் திரும்பி வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் அதைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். எனக்கு வருத்தமெல்லாம் வேறு. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்று கைக்கடிகாரம் சொல்கிறது. அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவிக் கருவியின் பெயரிலிருந்து பரவியது. எண்ணுவது தவறில்லை. ஆனால் கடைக்கு மோட்டார் சைக்கிளில் போய்விட்டு, அந்த அடிகளை வீட்டு மொட்டைமாடியில் தனியே நடந்து நிரப்பும்போது, வழியில் பார்த்திருக்க வேண்டிய நாலு முகங்கள் போய்விடுகின்றன. 'என்ன, ஆத்தாளுக்கு எப்படியிருக்கு?' என்று திண்ணையிலிருந்து வரும் கேள்வி போய்விடுகிறது. உடம்பு நடக்கிறது, மனிதன் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை.

நடக்கத் தெரியாதவர்கள் ஆகிவிட்டோமோ என்று சோர்ந்தால் தைப்பூசம் வந்து தேற்றுகிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நகரத்தார் காவடி பழனிக்கு நடந்தே போகிறது. குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகும் பாதை. இருள் பிரியாத நேரத்தில் கிளம்பி, வெயில் ஏறுமுன் ஒரு கட்டம் நடந்து, மரத்தடியிலோ சத்திரத்திலோ படுத்து எழுந்து மறுபடி நடப்பார்கள். காலில் கொப்புளம் வந்தால் யாரோ முன்பின் தெரியாதவர் எண்ணெய் தடவி விடுவார். ஆண்டு முழுதும் கல்லாப்பெட்டி முன்னால் அமர்ந்திருந்தவர், மாடிப்படிக்கு மூச்சு வாங்குகிறவர், வெளிநாட்டிலிருந்து இதற்காகவே விடுப்பெடுத்து வந்த கணினிப் பிள்ளை, பக்கத்து ஊர்களின் உழவர்கள் எல்லோரும் ஒரே சாலையில். காவடிகள் பழனியிலிருந்து திரும்பும்போதும் நடந்தே வருகின்றன. முதல் நாள் தாங்காது என்று முனகிய உடம்பு மூன்றாம் நாள் யாரிடமும் கேட்காமல் நடக்கத் தொடங்கும். கூட நடப்பவர் பாடினால் கால் வலி பாட்டுக்குள் போய்விடும். போய்ச் சேர ஓர் இடமும், கூட வர ஆளும், சுமக்க ஒரு காரணமும் கிடைத்தால் இந்தத் தலைமுறை உடம்பும் முந்தைய தலைமுறை உடம்பைப் போலவே எழுந்து நடக்கும். நான் கண்ணால் பார்ப்பது இது.

அந்தக் காரணங்களை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். அரைக் கிலோ சர்க்கரைக்கு வண்டியை எடுக்காதீர்கள். பேரப்பிள்ளையை ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். அடுத்த முறை அவன் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் எழுந்து போய் அவனுக்குக் கொண்டுவாருங்கள். வாரத்தில் ஒரு வேளையாவது குடும்பத்தோடு தரையில் இலை போட்டுச் சாப்பிடுங்கள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. ஊருணிக் கரைகளில் மரம் நட்டு நடைபாதை போடவும், கடைகள் பிடித்துக்கொண்ட நடைமேடைகளை நடப்பவர்களுக்கு மீட்டுக் கொடுக்கவும், பிள்ளைகள் விளையாட மிச்சமிருக்கும் பொட்டல்களை விலை பேசாமல் விட்டுவைக்கவும் உங்கள் வார்டு உறுப்பினரைக் கேளுங்கள். கேட்கப் போகும்போது நடந்தே போங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு.