டோர்னமென்ட் அப்பாவின் கோடை விடுமுறை

ஒஹையோ மாநிலத்தில் ஜனவரி மாதம். வாசலில் பனி குவிந்து கிடக்கிறது. உள்ளே ஒருவர் ஜூலை மாதக் காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். கவிஞர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் டோர்னமென்ட் அப்பா.

பையனுக்கு வயது 11. பேஸ்பால் ஆடுகிறான். பள்ளிக்காகவோ பேட்டைக்காகவோ ஆடினால் அப்பா சாயங்காலம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இவன் இருப்பது 'டிராவல் பால்' அணியில். மாநிலம் மாநிலமாகப் போய் ஆடுவதற்கென்றே காசு கட்டிச் சேர்க்கும் அணி அது. கோடைக்கான பட்டியலைக் கோச் அனுப்பிவிட்டார். அதில் ஜூலை இரண்டாம் வாரத்துக்கு நேரே 'மிர்ட்டில் பீச்' என்று இருக்கிறது.

"எப்படியும் போகத்தானே போறோம், அதையே வெக்கேஷனா ஆக்கிட்டா என்ன?" என்று அவருக்குத் தோன்றுகிறது. அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தில் இதைவிடச் செலவு வைக்கும் வாக்கியம் வேறு கிடையாது. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பணத்தை மிச்சம் பிடித்துவிட்டவரின் பூரிப்பு.

மனைவியிடம் பேச்சை எடுக்கும்போது பேஸ்பால் என்ற சொல்லே அவர் வாயில் வராது. மணல் வரும், அலை வரும், இறால் வரும், சூரிய உதயம்கூட வரும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அந்த அம்மாள் கேட்பது ஒன்றே ஒன்று.

"எத்தனை மேட்ச்?"

மிர்ட்டில் பீச்சைக் குறை சொல்ல முடியாது. தென் கரோலினாவின் அட்லாண்டிக் கரையில் ஏறத்தாழ 60 மைல் நீளத்துக்கு மணல். ஒஹையோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடைக்குப் போகிற ஊர். கரையோரம் மரப்பலகை நடைபாதை, அதன் பக்கத்தில் பெரிய ராட்டினம், தெருவுக்குத் தெரு மினி கோல்ஃப். இத்தனைக்கும் நடுவே சிறுவர் பேஸ்பாலுக்கென்றே கட்டிய மைதான வளாகம் ஒன்றும் இருக்கிறது. பெயர் பெற்ற பெரிய மைதானங்களின் சாயலில் குட்டி மைதானங்கள். வளாகத்துக்கு கால் ரிப்கன் ஜூனியரின் குடும்பப் பெயர். யார் இந்த ரிப்கன்? பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்காக 1982 முதல் 1998 வரை ஓர் ஆட்டத்துக்குக்கூட மட்டம் போடாமல் தொடர்ச்சியாக 2,632 ஆட்டம் ஆடியவர். பதினாறு ஆண்டுகளாக லீவே எடுக்காத மனிதர் பேரில் உள்ள இடத்துக்குத்தான் இந்தக் குடும்பம் லீவு போட்டுவிட்டுப் போகிறது. இதில் ஏதோ இடிக்கிறதே என்று டோர்னமென்ட் அப்பாவுக்குத் தோன்றியதில்லை. ரிப்கன் பெயரைச் சொன்னால் அவர் கை தன்னால் தொப்பியைத் தொடும்.

தங்குவதற்கு இடம் பார்க்கும் படலம் தனி. கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடையில் மனைவியின் அக்கா வீடு இருக்கிறது. மாடியில் இரண்டு அறை காலி, வாடகை கிடையாது, காலையில் காப்பியும் உண்டு. ஆனால் இந்தப் போட்டிகளில் பலவற்றுக்கு ஒரு விதி உண்டு: ஆட வேண்டுமென்றால் போட்டி நடத்துகிறவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் அணி தங்க வேண்டும். 'ஸ்டே டு பிளே' என்பார்கள். பட்டியலில் கிடைத்த ஹோட்டல் கடலுக்கு எதிர்த்திசையில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், ஒரு டயர் கடையைப் பார்த்தபடி இருக்கிறது. "நீச்சல் குளம் இருக்கே" என்கிறார் அப்பா. அக்காவுக்குப் போன் செய்து விளக்கும் பொறுப்பு மனைவியுடையது. கடலுக்குப் பக்கத்தில் சும்மா கிடைக்கும் அறையை விட்டுவிட்டு டயர் கடைக்கு எதிரே பணம் கட்டித் தங்குவதற்கு ஒரு விதிதான் காரணம் என்று எந்த அக்கா நம்புவாள்?

ஹோட்டலுக்கு ஜனவரியில் பணம் கட்டியாயிற்று. அலுவலகத்தில் மார்ச்சில் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. எந்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்பது மட்டும் போட்டி தொடங்கும் வாரத்தில்தான் தெரியவரும். மண்டபம் பிடித்து, சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து, ஊரையெல்லாம் அழைத்துவிட்டு, முகூர்த்த நேரத்தை மட்டும் முந்தாநாள் தெரிந்துகொள்கிற கல்யாணம் இது. அதற்காக டோர்னமென்ட் அப்பா திட்டம் போடாமல் இருந்துவிடுவாரா? ஏப்ரலிலேயே ஓர் எக்ஸெல் தாள் தயார். வெள்ளி காலை ஆட்டம் என்றால் மதியம் கடல், மதியம் ஆட்டம் என்றால் காலையில் கடல், இரண்டு வேளையும் ஆட்டம் என்றால் 'கடல் – பிறகு'. கடலுக்கு நீல நிறம் அடித்திருக்கிறார். புதன்கிழமை இரவு அட்டவணை வந்து சேர்ந்தபோது தாளில் நீலம் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தது.

புறப்பாடு அதிகாலை நான்கு மணிக்கு. மேற்கு வர்ஜீனியா மலைகளுக்கு நடுவே சுங்கம் கட்டிக் கட்டிப் பத்து மணி நேரக் கார் பயணம். பின்பக்கம் முழுக்க மடக்கு நாற்காலிகள், நான்கு கால் கூடாரம், இழுவண்டி, ஐஸ்பெட்டி, வாளி வாளியாகப் பந்து, மூட்டை மூட்டையாகச் சூரியகாந்தி விதை. 400 டாலர் மட்டை மட்டும் பின்னால் போகாது. அது முன் சீட்டுக்குப் பக்கத்தில், அப்பாவின் கை எட்டுகிற தூரத்தில் வரும். எட்டு வயதுத் தங்கையின் மணல்வாளியும் மண்வெட்டியும் எங்கே என்று தேடினால் வாளிக்குள் கையுறைகள் இருந்தன, மண்வெட்டி கராஜிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி ஆட்டத்துக்கு ஏழு மணிக்கே ஆஜர். வாசலில் பெற்றோருக்கு நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். சொந்தப் பிள்ளையைப் பார்க்க டிக்கெட் எடுக்கும் அப்பாவின் முகத்தில் சலிப்பே இல்லை. கையில் கட்டிய பட்டையைக் கங்கணமாக ஏற்றுக்கொள்கிறார். தரையெல்லாம் செயற்கைப் புல். ஜூலை வெயிலில் அது தோசைக்கல்லுக்குச் சவால் விடும். அதில் தூவியிருக்கும் கறுப்பு ரப்பர்த் துகள் காலணியில் ஏறி, காலுறையில் இறங்கி, ராத்திரி ஹோட்டல் குளியல் தொட்டியில் வந்து சேரும். 'கடற்கரைக்குப் போனால் வீடெல்லாம் மணலாகிவிடும்' என்று அந்த அம்மாள் முன்பெல்லாம் குறைப்பட்டுக்கொண்டது உண்டாம்.

இதற்கிடையில் கோச் ஓர் உத்தரவு போட்டிருக்கிறார்: ஆட்டம் முடியும்வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. நீந்தினால் கால் சோர்ந்துவிடும். குளத்துக்கே தடை என்றால் கடலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடற்கரைக்கு விடுமுறை வந்திருக்கும் பன்னிரண்டு பையன்கள் குளக்கரையில் காலைத் தொங்கவிடாமல் வரிசையாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்பாவின் வலது கையில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பையன் பந்து வீசும்போதெல்லாம் அதை ஒரு தடவை அழுத்துவார். விளையாட்டல்ல இது. இளம் வயதில் அளவில்லாமல் வீசி முழங்கை கெட்டுப்போகிற பிள்ளைகள் பெருகிவிட்டதால், மேஜர் லீக் பேஸ்பாலும் 'யுஎஸ்ஏ பேஸ்பால்' அமைப்பும் 2014-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. 11, 12 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது. 35 பந்துவரை வீசினால் ஒரு நாள் ஓய்வு போதும். 36-ஐத் தொட்டால் இரண்டு நாள். 66-ஐத் தொட்டால் நான்கு நாள். நல்ல விதி, கோச்சுகளும் பெற்றோரும் இதை இன்னும் கறாராகப் பிடித்துக்கொண்டால் தேவலை.

அப்பாவின் கணக்கு வேறு. வெள்ளிக்கிழமை 35-இல் நிறுத்திவிட்டால் சனி ஓய்வு, ஞாயிறு பையன் மறுபடியும் தயார். ஒரு பந்து கூடிப்போனால் ஞாயிறும் போயிற்று. கருவியில் 33 என்று காட்டும்போது அவருக்கு வியர்க்கிறது. 34-இல் எழுந்து நிற்கிறார்.

இந்தக் கணக்கைக் கரைத்துக் குடித்த இன்னொரு ஆள் அங்கே உண்டு. கூடாரத்து நிழலில் படம் வரைந்துகொண்டிருக்கும் தங்கை. தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிற ஆட்டங்கள் ஞாயிறு காலையில் தொடங்கும். முதல் ஆட்டத்திலேயே அண்ணன் அணி தோற்றால் பத்து மணிக்குக் கடல். ஜெயித்தால் பன்னிரண்டுக்கு ஓர் ஆட்டம், அதிலும் ஜெயித்தால் மூன்றுக்கு ஒன்று, அப்புறம் இறுதி ஆட்டம், அப்புறம் இருட்டு. அண்ணன் மேல் அவளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் 36-வது பந்து கையை விட்டுப் போனபோது, தலைநிமிராமலே அவள் தன் படத்தில் ஒரு சூரியனைப் போட்டதை நான் பார்த்தேன்.

பக்கத்துக் கூடாரத்து அப்பா இன்னும் பாவம். இவருடைய மகன் எதிரே மட்டையோடு நிற்கிறான். மகள் அதே நேரம் டென்னஸியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். அம்மா அங்கே, அப்பா இங்கே. குடும்ப விடுமுறைதான்; குடும்பம் மட்டும் இரண்டு மாநிலங்களில் இருக்கிறது. செல்பேசியில் மகள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே மகனுக்குக் கைதட்டுகிறார். மகள் அங்கே ஓட்டம் எடுத்ததற்கு இவர் எழுந்து கூவ, அதே நொடியில் இங்கே மகன் அவுட்டாக, எதிர் அணியின் பெற்றோர்கள் அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்து விதைப் பொட்டலத்தை நீட்டினார்கள். அவரும் ஒரு கை அள்ளிக்கொண்டார்.

சனி மதியம் இடி. தெற்கத்திக் கோடையில் பிற்பகல் இடி வராவிட்டால்தான் அதிசயம். கடைசி இடிச் சத்தம் கேட்டதிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஆடலாம். நடுவில் இன்னோர் இடி விழுந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மூன்று மணி நேரம் எல்லாரும் காருக்குள். "இப்போ கடலுக்குப் போகலாமே" என்றாள் தங்கை. இடி மின்னலில் கடலுக்கும் போகக் கூடாது என்று அப்பா பொறுப்போடு விளக்கினார். வெயிலடித்தால் மேட்ச், இடித்தால் கடல் ஆபத்து. அந்தக் குழந்தையின் நிலையில் நான் இருந்திருந்தால் பெரியம்மா வீட்டுக்கு நடந்தே போயிருப்பேன்.

எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். இவருக்கு வெறும் கடல் போதாதோ? எங்கே எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்று யாராவது சொல்லாவிட்டால் இவர் உடம்பு ஓய்வை ஏற்றுக்கொள்வதில்லை. அட்டவணை இருந்தால்தான் நாற்காலியில் சாய்கிறார், சிரிக்கிறார், பெயர் தெரியாத மனிதரோடு மூன்று மணி நேரம் பேசுகிறார். ஆட்டம் பார்க்கும்போது அலுவலக மின்னஞ்சலைத் தொடுவதில்லை. பையனின் சக ஆட்டக்காரர்கள் அத்தனை பேரின் பாட்டிமார்களின் உடல்நிலையும் அவருக்குத் தெரியும். ஊரில் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது.

ஞாயிறு காலை எட்டு மணி ஆட்டத்தில் அணி தோற்றது. பையன்கள் ஐந்து நிமிடம் அழுதார்கள். ஆறாவது நிமிடம், குளத்தில் இறங்கலாமா என்று கோச்சைக் கேட்டார்கள். அவர் தலையசைத்த பிறகு உலகத்தில் தோல்வி என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. துக்கம் காத்தவர்கள் அப்பாக்கள்தான். வண்டி நிறுத்துமிடத்தில் வட்டமாக நின்று, இரண்டாவது பேஸில் நடந்த ஒரு தீர்ப்பை முக்கால் மணி நேரம் மறு விசாரணை செய்தார்கள். ஒஹையோவிலிருந்து செயலி வழியே ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்த தாத்தாவும் போனில் சாட்சி சொன்னார்.

ஒருவழியாகக் கடல் வந்தது. பதினொரு மணிக்கு மணலில் கால் வைத்தார்கள். தங்கை ஓடினாள், அம்மா நாற்காலியை அலைக்கு அருகில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். அப்பா இடுப்பில் கைவைத்து நின்றார். பத்து நிமிடத்தில் மணிக்கட்டைப் பார்த்தார். இருபதாவது நிமிடம் ஈர மணலில் குதிகாலால் கோடு கிழித்து நான்கு பேஸ் போட்டு, டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்துக் குடும்பத்துப் பையன்களையும் சேர்த்து, யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இரவு சாப்பாட்டின்போது மனைவி இறாலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷம் நியூயார்க் மாநிலத்துப் பக்கம் போகலாமா?" என்று ஆரம்பித்தார். "சின்ன ஊர். ரெண்டாயிரம் பேர்கூடக் கிடையாது. மலை, பச்சை, அமைதி. பெரிய ஏரி ஒண்ணு இருக்கு."

ஊர் கூப்பர்ஸ்டவுன். 1939-இல் திறந்த பேஸ்பால் புகழ்மண்டபம் இருக்கும் இடம். 1839-இல் ஆட்டமே அங்கேதான் பிறந்தது என்று ஒரு கதையும் உண்டு. வரலாற்றாசிரியர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். அதற்காகப் புனிதத் தலத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? 12 வயது அணிகளுக்கு அங்கே ஒரு வாரப் போட்டி. பையன்கள் முகாமுக்குள் கோச்சுகளோடு தங்குவார்கள்; பெற்றோர் வெளியே வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். பையனுக்கு அடுத்த வருடம் 12. இதில் எதையுமே அவர் மேசையில் சொல்லவில்லை. ஏரியின் நீளத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எத்தனை மேட்ச்?" என்றாள் தங்கை.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில், காப்பி எடுக்கப் போன இடத்தில் பக்கத்து மேசைக்காரர் விசாரித்தார்.

"மிர்ட்டில் பீச் போயிருந்தீங்களாமே, கடல் எப்படி இருந்தது?"

"காத்து அந்தப் பக்கத்திலேர்ந்துதான் வந்தது," என்றார் டோர்னமென்ட் அப்பா. "நல்லா அடிச்ச ரெண்டு பந்தும் வேலிக்கு முன்னாடியே விழுந்துடுச்சு."